சர்க்கரை இல்லாத இனிப்பு: அதன் பயனும் எல்லையும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

நமது செய்யார் வட்டாரத்திலே கரும்பு பயிரிடுவோரும் பட்டு நெய்வோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அனக்காவூரிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் குடும்பத்திலேயே, ஆரணிப் பட்டுக்குத் தறி ஓட்டுகிறவரும் இருக்கக் காண்கிறோம். சர்க்கரை இவர்களில் பலருக்குப் பிழைப்பு. இவர்களுள்ளேயே சிலருக்கு அது மருத்துவர் விலக்கச் சொன்ன பொருள். இவ்விரு நிலைமைகளுக்கும் நடுவில் இப்போது ஒரு மூன்றாவது பொருள் கடைகளில் வந்து அமர்ந்திருக்கிறது. சிறு மாத்திரையாகவும், பொட்டலத் தூளாகவும், சொட்டு மருந்து போன்ற நீராகவும் விற்கப்படும் சர்க்கரை இல்லாத இனிப்புகளையே குறிப்பிடுகிறோம்.

இவை நல்லவையா, தீயவையா என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர். புற்றுநோய் வரும் என்று ஒரு சாரார் அஞ்சுகின்றனர். இதைப் போட்டுக்கொண்டால் எதையும் தின்னலாம் என்று மற்றொரு சாரார் மகிழ்கின்றனர். இவ்விரு கருத்தும் பிழையானவை. அளவறிந்து, ஆளறிந்து, நேரமறிந்து பயன்படுத்தினால் இவை நீரிழிவுள்ளவருக்கு ஒரு சிறு உதவி. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதே இந்தப் பாடத்தின் சாரம். அதனைப் படிப்படியாக ஆராய்வோம்.

1. இனிப்பு வேறு, உணவு வேறு

சர்க்கரையிடம் இரண்டு குணங்கள் உள்ளன. ஒன்று, நாவுக்கு இனிப்பது. மற்றொன்று, உடலுக்கு எரிபொருளாவது. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி ஆற்றலைத் தருகிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை 5 கிராம் என்று கொண்டால் அதில் 20 கலோரி உண்டு.

குழித்தறியில் உட்கார்ந்து நெய்கின்ற ஒருவரைக் கணக்கில் கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து குவளை தேநீர் அருந்துகிறார். குவளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஆக 10 தேக்கரண்டி, அதாவது 50 கிராம், 200 கலோரி. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், உணவில் சேர்க்கும் சர்க்கரையின் பங்கைப் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் கூறியது. பத்தில் ஒரு பங்கு என்பது இதே 50 கிராம்தான். எனவே நமது நெசவாளர் தேநீரிலேயே அந்த வரம்பை முடித்துவிடுகிறார். பண்டிகைப் பலகாரத்துக்கும் கடைப் பானத்துக்கும் இடமே இல்லை.

சர்க்கரையின் முதற் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும் பொருள்களே நாம் ஆராயும் இனிப்பிகள். இவற்றுட் சில கலோரியே தருவதில்லை. சில தந்தாலும், தேவைப்படும் அளவு மிகச் சிறிதாகையால் அது கணக்கில் வாராது. சாக்கரின் சர்க்கரையைப்போல 300 முதல் 400 மடங்கு இனிப்புடையது. அஸ்பர்டேமும் அசிசல்பேமும் ஏறத்தாழ 200 மடங்கு. சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கு. சீனித்துளசி இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சத்து 200 முதல் 300 மடங்கு.

கரும்பு விவசாயிக்கு விளங்கும் கணக்காகவே இதைச் சொல்லலாம். ஒரு டன் கரும்பை ஆட்டினால் ஏறத்தாழ 90 முதல் 100 கிலோ வரை சர்க்கரை கிடைக்கிறது. அந்தச் சர்க்கரை முழுவதும் தரும் இனிப்பை ஏறத்தாழ கால் கிலோ சாக்கரின் தந்துவிடும். இனிப்பைத் தரும், ஆனால் ஒரு வேளைப் பசியையும் தீர்க்காது.

2. இவை தோன்றிய வகை

இவற்றுட் பெரும்பாலானவை தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல என்பது வியப்புக்குரியது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா ரெம்சன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக் கூடத்தில், கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்பவர் 1879-இல் நிலக்கரித் தார் வழிவந்த இரசாயனப் பொருள்களை ஆராய்ந்துவந்தார். ஒரு மாலை வீட்டில் உண்ண உட்கார்ந்தபோது, கையில் எடுத்த ரொட்டி இனிப்பதைக் கண்டார். கையில் ஒட்டியிருந்த பொருளே காரணம் என்று உணர்ந்து, ஆய்வுக் கூடம் திரும்பி அதனைக் கண்டறிந்தார். அதுவே சாக்கரின். முதல் உலகப் போர்க் காலத்தில் சர்க்கரை கிட்டாமற் போனபோது இதன் உபயோகம் பெருகிற்று.

1937-இல் மைக்கேல் ஸ்வேடா என்பவர் சைக்லமேட்டையும், 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்பவர் அஸ்பர்டேமையும், 1967-இல் ஜெர்மனியில் கார்ல் கிளாஸ் என்பவர் அசிசல்பேமையும் இவ்வாறே தற்செயலாகக் கண்டனர். 1976-இல் இலண்டனில் சுக்ரலோஸ் கண்டறியப்பட்டதில் நம் நாட்டவரான சசிகாந்த் பட்னிஸுக்குப் பங்குண்டு. சோதித்துப் பார்க்கச் சொன்னதை ஆங்கில ஒலி ஒற்றுமையால் சுவைத்துப் பார்க்கச் சொன்னதாக அவர் புரிந்துகொண்டு நாவில் வைத்தார் என்று வரலாறு வழங்குகிறது. சுக்ரலோஸ் சர்க்கரையையே மூலப்பொருளாகக் கொண்டு இரசாயன முறையில் மாற்றிச் செய்யப்படுவது என்பதைக் கரும்பு விவசாயிகள் அறிந்திருப்பது நன்று.

சீனித்துளசி மட்டும் இவற்றினின்றும் வேறானது. தென்னமெரிக்காவில் பராகுவே நாட்டுக் குவரானி மக்கள் நெடுங்காலமாக அதன் இலையை இனிப்புக்காகப் பயன்படுத்தி வந்தனர். அதிலிருந்து தூய்மைப்படுத்திய சத்தை உணவில் சேர்க்க, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் இசைவளித்தது.

3. பாதுகாப்பு எவ்வாறு அளக்கப்படுகிறது?

எந்தப் பொருளும் அளவுக்கு மீறினால் தீங்கே. ஆகவே "இது நஞ்சா?" என்னும் கேள்வியைவிட, "எவ்வளவு வரை தீங்கில்லை?" என்னும் கேள்வியே பயனுடையது. அறிஞர்கள் விலங்குகளுக்குப் பல்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்து, எந்த அளவு வரை எத்தீங்கும் காணப்படவில்லை என்று தெரிந்துகொள்கின்றனர். அந்த அளவைப் பொதுவாக நூறால் வகுத்து, மனிதர் வாழ்நாள் முழுவதும் தினந்தோறும் உட்கொண்டாலும் கேடில்லாத அளவாக அதனை விதிக்கின்றனர். இஃது உடலின் எடைக்கு ஏற்பக் கூறப்படுகிறது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்துள்ள நிபுணர் குழுவின் விதிப்படி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு அஸ்பர்டேம் 40 மில்லிகிராம், சுக்ரலோஸ் 15 மில்லிகிராம், சாக்கரின் 5 மில்லிகிராம் வரை கொள்ளலாம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அஸ்பர்டேம் வரம்பு 2000 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 18 மில்லிகிராம் இருக்குமாயின், அவ்வரம்பை எட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மாத்திரைகள் வேண்டும். தேநீரில் நாளொன்றுக்கு ஐந்தாறு மாத்திரை இடுகிறவர் அச்சத்துக்கு இடங்கொடுக்க வேண்டியதில்லை.

புற்றுநோய் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1969-இல் அமெரிக்க அரசாங்கம், எலிகளிடம் செய்த சோதனையை முன்னிட்டுச் சைக்லமேட்டைத் தடை செய்தது. ஐரோப்பிய நாடுகளில் அது இன்னும் அனுமதிக்கப்பட்டே இருக்கிறது. 1970-களில் மிகுந்த அளவில் சாக்கரின் கொடுக்கப்பட்ட ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி தோன்றியது. 1977-இல் கனடா அதனைத் தடுத்தது. அமெரிக்காவிலோ பொட்டலங்களின்மீது எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டமாயிற்று. பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால், எலியின் சிறுநீருக்குரிய தனித்த இயல்பினாலேயே அக்கட்டிகள் உண்டாயின என்றும், மனிதருக்கு அவ்விதம் நேர்வதில்லை என்றும் தெளிவாயிற்று. ஆகையால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க எச்சரிக்கை நீக்கப்பட்டது. 2014-இல் கனடாவும் தடையை விலக்கியது.

அஸ்பர்டேம் பற்றிய செய்தி அண்மைக் காலத்தது. 2023 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, அஸ்பர்டேம் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்னும் வகையில் அதனைச் சேர்த்தது. ஆதாரம் குறைவானது என்றும் அதுவே கூறிற்று. அதே நாளில் மேற்சொன்ன நிபுணர் குழு, பழைய 40 மில்லிகிராம் வரம்பை மாற்றக் காரணம் இல்லை என்று அறிவித்தது. இரண்டும் முரண்படுவதாகப் பலர் நினைத்தனர், முரண்பாடு இல்லை. கிணற்றில் விழுந்தால் ஆபத்து உண்டா என்பது ஒரு கேள்வி. கைப்பிடிச் சுவருக்கு இப்பால் நின்று நீர் இறைக்கிறவருக்கு ஆபத்து எவ்வளவு என்பது மற்றொரு கேள்வி. முன்னமைப்பு முதற் கேள்விக்கும், பின்னமைப்பு இரண்டாவது கேள்விக்கும் விடை கூறின.

ஒரு சாரார் மட்டும் அஸ்பர்டேமை அறவே விலக்க வேண்டும். பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறை உடையவர்களின் உடல், அஸ்பர்டேமில் உள்ள பினைலலனின் என்னும் பொருளைச் சரிவரக் கையாளாது. இக்குறை அரிதேயாயினும், அத்தகைய குழந்தை உள்ள வீட்டில் கவனம் இன்றியமையாதது. கருவுற்ற தாய்மார் எந்த இனிப்பியையும் மருத்துவரைக் கேளாமல் வழக்கப்படுத்திக்கொள்ளலாகாது.

4. நீரிழிவுக்கு இவை மருந்தாகுமா?

ஆகா. இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூற விரும்புகிறோம்.

தமிழ்நாடு நீரிழிவு மருத்துவத்தில் முன்னோடியான நாடு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இலேயே நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று இந்நோய் பட்டணத்தோடு நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் நீரிழிவுள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவில் இந்நோய் காணப்பட்டது. நூறு அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் இக்கணக்கு எத்தனை பேரைக் குறிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே சென்னை நிலையம் 2024-இல் மற்றோர் ஆய்வையும் வெளியிட்டது. நீரிழிவுள்ள 179 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினர் 12 வாரம் காப்பியிலும் தேநீரிலும் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் சேர்த்துக்கொண்டனர். மறு பகுதியினர் சர்க்கரையையே தொடர்ந்தனர். மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இனிப்பி கொண்டவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் இரண்டு. குவளையிலிட்ட இனிப்பி அந்தப் பன்னிரண்டு வாரத்தில் இரத்தச் சர்க்கரையைக் கெடுக்கவில்லை. சிறிது நன்மையும் செய்தது. ஆனால் குவளையை மட்டும் திருத்தியதால் நோய் தணியவில்லை. தட்டில் உள்ள சோற்றின் அளவும், நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் வழக்கமும், தவறவிட்ட மாத்திரையும் அப்படியே இருக்குமானால், தேநீரில் செய்யும் மாற்றம் என்ன செய்யும்? காலையில் இனிப்பி இட்ட காப்பி குடித்தோம் என்ற துணிவில் மதியம் ஒரு பிடி சோறு கூட்டி உண்பாருக்கு, சேமித்த கலோரி எல்லாம் அந்தப் பிடியிலேயே போய்விடும்.

உடல் எடையைக் குறைப்பதற்கென்று இனிப்பிகளைக் கொள்ள வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவுரை கூறியது. நெடுநாள் பயன்படுத்தியோரிடையே நீரிழிவும் இருதய நோயும் மிகுதியாகக் காணப்பட்டன என்பது ஒரு காரணம். எனினும் இதை ஆராய்ந்தே கொள்ள வேண்டும். மழை நாளில் குடை பிடித்துச் சென்றவர்களில் பலர் நனைந்திருந்தால், குடையே அவர்களை நனைத்தது என்று சொல்வோமா? முன்பே எடை மிகுந்தவரும் நோய்க்கு அணித்தாயிருப்பவருமே இனிப்பிகளை நாடுகின்றனர் என்பதையும் கருத வேண்டும். இதனாலேயே அந்த அறிவுரை நிபந்தனைக்குட்பட்டதாகக் கூறப்பட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளோருக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே நோயில்லாதவர் வீணாக இதனைப் பழக வேண்டுவதில்லை. அவர் செய்யத்தக்கது இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, பின்னர் ஒன்றாக்கி, நாவைக் குறைந்த இனிப்புக்குப் பழக்குவதே.

5. வெல்லம் பற்றிய மயக்கம்

"வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பனைவெல்லமும் தேனும் நீரிழிவுக்கு ஆகும்" என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெல்லம் காய்ச்சும் ஊரில் பிறந்த நாம் வெல்லத்தின்மீது குறை கூற மனம் ஒவ்வோம். எனினும் உண்மையை மறைத்தல் தகாது. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. மணமும் சிறிது தாதுப்பொருளும் அதில் கூடுதலாக உள்ளன. இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துவதில் அதற்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோயில்லாதவர் அளவோடு உண்ண அது நல்ல பண்டம். நீரிழிவுள்ளவர் அதனை மருந்துபோல எண்ணி அள்ளி உண்பது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

"சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதி விற்கப்படும் பலகாரங்களும் இவ்வாறே. அவற்றில் சர்க்கரை இல்லாவிடினும் மாவும் நெய்யும் உண்டு. சிலவற்றில் சார்பிடால், மால்டிடால் போன்ற பொருள்கள் சேர்கின்றன. இவை கலோரி முற்றும் அற்றவை அல்ல. மிகுதியாக உண்டால் வயிறு கழியும்.

6. ஒருபோதும் மறக்கலாகாத ஒன்று

இந்தப் பாடத்தில் வேறெதனை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறோம். ஏனெனில் இஃது உயிரைப் பற்றியது.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ, சில வகை மாத்திரைகளோ கொள்பவர் வேளைக்கு உண்ணாவிடில், இரத்தச் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் அது ஆபத்தின் தொடக்கம். முகூர்த்தச் சேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் உணவைத் தள்ளிப்போடும் நெசவாளருக்கும், கரும்பு வெட்டும் நாளில் வெயிலில் நிற்கும் விவசாயிக்கும் இது நேரக்கூடியதே. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கடும் பசி, கண் மங்கல், பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஆகியன இதன் அடையாளங்கள்.

அவ்வேளையில் அவருக்கு வேண்டியது உண்மையான சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் தூளையோ நீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்ய வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிடில் மறுபடியும் அவ்வாறே கொடுக்க வேண்டும். தெளிந்தபின் உணவு உண்ணச் செய்ய வேண்டும். நினைவிழந்தவராயின் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இங்கேதான் இனிப்பி மாத்திரை பகையாகிறது. வீட்டில் நீரிழிவாளர் இருக்கிறார் என்று சர்க்கரை டப்பாவையே அகற்றிவிட்டு, இனிப்பி மாத்திரையை மட்டும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பதறிய மனைவியோ மக்களோ அந்த மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தால் நாக்கு இனிக்கும். இரத்தத்தில் சர்க்கரை ஒரு துளியும் ஏறாது. பொன்னான நிமிடங்கள் வீணாகும். சர்க்கரை சேர்க்காத கடைப் பானமும் அவ்வேளைக்கு உதவாது. எனவே நீரிழிவாளர் வீட்டில் கட்டாயமாக ஒரு சிறு டப்பா சர்க்கரையோ குளுக்கோஸோ இருத்தல் வேண்டும். தறிக்கூடத்திலும் ஒன்று, வயலுக்குக் கொண்டுபோகும் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

7. குழந்தைகளும் வண்ண ஐஸும்

பெரியவருக்கு எளிதில் எட்டாத வரம்பு சிறுவருக்கு விரைவில் எட்டிவிடும். பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்குச் சாக்கரின் வரம்பு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம். 20 கிராம் சர்க்கரையின் இனிப்பைத் தர ஏறத்தாழ 50 மில்லிகிராம் சாக்கரின் போதும். அத்தகைய இரண்டு குச்சி ஐஸ் தின்ற குழந்தை 100 மில்லிகிராம் கொண்டுவிடும். வரம்பு ஒரு நாள் மீறியதால் உடனே நோய் வராது. ஆனால் கோடை முழுவதும் நாள்தோறும் மீறுவது நல்லதன்று.

சர்க்கரையை விட மிக மலிவாக இனிப்பைத் தருவதால், மறைத்துச் சேர்க்கும் ஆசை வியாபாரிக்கு எழக்கூடும். பெயர், விலாசம், உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியன இல்லாத ஐஸ், குளிர்பானப் பொட்டலம் முதலியவற்றைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடாதிருப்பதே பாதுகாப்பு. பள்ளி வாசலில் நிற்கும் வண்டியைத் தாய்மார் கூடி விசாரித்தால், உணவு ஆய்வாளர் வருமுன்னரே பாதி குறை தீரும்.

8. சீட்டைப் படிக்கும் முறை

விலையைப் பார்ப்பதுபோலவே பொட்டலத்தில் அச்சிட்டுள்ளதையும் படித்தல் வேண்டும். இனிப்பியின் பெயர் எழுதப்படாவிடினும் அதன் எண் இருக்கும். கீழ்க்காணும் எண்களை அங்கத்தினர் குறித்து வைத்துக்கொள்வாராக:

950 – அசிசல்பேம்
951 – அஸ்பர்டேம்
952 – சைக்லமேட்
954 – சாக்கரின்
955 – சுக்ரலோஸ்
960 – சீனித்துளசிச் சத்து

இனிப்பி சேர்ந்த பொருளில் அது சேர்ந்துள்ளது என்பதும், குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்பதும், அஸ்பர்டேமாயின் மேற்சொன்ன பிறவிக் குறையுடையவர்க்கான எச்சரிக்கையும் காணப்பட வேண்டும். இவை இல்லாத பொருளை ஏற்க மறுப்பது வாங்குபவரின் உரிமை.

சமைப்போர் ஒன்றை அறிதல் நலம். அஸ்பர்டேம் நெடுநேரம் கொதித்தால் இனிப்பை இழக்கும். ஆகவே இறக்கிய பிறகே கலக்க வேண்டும். சாக்கரினும் சுக்ரலோஸும் சீனித்துளசிச் சத்தும் சமையற் சூட்டைத் தாங்கும். ஆயினும் எவ்வினிப்பியும் பாகு காய்ச்ச உதவாது. அதிரசத்துக்குப் பதமும் மைசூர்ப்பாகுக்குக் கட்டும் தருவது சர்க்கரையும் வெல்லமுமே.

9. கரும்பு விவசாயியின் கேள்வி

"இனிப்பி பெருகினால் நமது கரும்பை யார் வாங்குவார்?" என்று கேட்பது நியாயமே. மேலே கூறியபடி, சர்க்கரை பண்டத்துக்குக் கட்டும் எடையும் பதமும் தருகிறது. அந்த வேலையைக் கால் கிலோ இரசாயனத் தூள் செய்யாது. அன்றியும், கரும்பு பயிரிடுகிறவரே நீரிழிவாளராக இருக்கும்போது, விலைக்காக அவரை அளவுமீறி உண்ணச் சொல்வது கூட்டுறவு ஆகாது. சர்க்கரையை அனைவரும் அளவோடு உண்ணச் செய்வதும், கரும்புக்கு உரிய விலையை உரிய காலத்தில் பெற்றுத் தருவதும் தனித்தனிக் கடமைகள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

சீனித்துளசி பயிரிட்டால் பெரும் பணம் கிடைக்கும் என்று நாற்று விற்க வருவோர் பேச்சைக் கேட்கும் விவசாயிகளுக்கும் ஒரு சொல். அந்த இலையை வீட்டிலே சத்தாகப் பிரிக்க இயலாது. அதற்கு ஆலை வேண்டும். விளைந்ததை யார், எந்த விலைக்கு, எந்த ஊரில் எடுத்துக்கொள்வார் என்பதை எழுத்து மூலம் அறிந்து, வேளாண்மை அலுவலரையும் கலந்த பின்னரே நாற்றுக்குப் பணம் கொடுப்பது விவேகம்.

10. சங்கம் செய்யத்தக்கவை

ஒவ்வொருவரும் தனித்துச் செய்வதைவிடச் சங்கமாகச் செய்வதில் பயன் மிகுதி. நம் சங்கங்கள் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம் என்று பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, பண்டகசாலையில் இனிப்பிகளைச் சிறுவர் தின்பண்டங்களோடு கலந்து வைக்காமல் தனித் தட்டில் வைத்து, "மருத்துவர் சொன்னவருக்கு மட்டும்" என்று எழுதித் தொங்கவிடுவது.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்கத்தினருக்கும் குடும்பத்தாருக்கும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை நடத்துவது. நோய் உண்டென்று அறியாதவருக்கு எந்த இனிப்பியும் உதவாது.

மூன்றாவது, பல தறிகள் ஓடும் கூடங்களில் ஒரு குளுக்கோஸ் டப்பாவும் ஆறாம் பகுதியில் கூறிய முறையை எழுதிய ஓர் அட்டையும் வைப்பது. இதற்காகும் செலவு ஒரு சேலையின் ஓரச் சரிகைக்கும் காணாது.

நான்காவது, பொதுக் கூட்டத்திலும் விழாவிலும் வழங்கும் தேநீரில் சர்க்கரையைத் தனியே வைத்து, வேண்டுவோர் வேண்டுமளவு இட்டுக்கொள்ளச் செய்வது.

இனிப்பி எதிரியுமன்று, இரட்சகனுமன்று. நோயாளியின் நாவுக்கு அது ஓர் ஆறுதல். அவர் உடலுக்கு வேண்டியவை அளவான உணவும், நடையும், தவறாத மருந்தும், வேளை தவறாத சாப்பாடுமே. இவற்றைக் காத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன அளவில் இனிப்பியைக் கொள்வோர் அஞ்ச வேண்டியதில்லை. இவற்றைக் கைவிட்டு இனிப்பியை மட்டும் பற்றுவோர் நம்பவும் வேண்டியதில்லை.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்குத் தேநீரிலும் காப்பியிலும் செலவாகும் சர்க்கரை எத்தனை தேக்கரண்டி? ஆள் ஒன்றுக்கு எத்தனை கிராம்?

2. இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுங்கும் ஒருவருக்கு இனிப்பி மாத்திரை ஏன் உதவாது? உங்கள் தறிக்கூடத்தில் அவ்வேளைக்கு வேண்டிய சர்க்கரை எங்கே இருக்கிறது?

3. பண்டகசாலையிலுள்ள ஐந்து பொட்டலங்களை எடுத்து, 950 முதல் 960 வரையுள்ள எண்கள் எவற்றில் காணப்படுகின்றன என்று பார்த்து எழுதுக.

4. வெல்லம் நீரிழிவுக்கு ஆகும் என்று கூறும் ஒருவருக்கு நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?

5. மேலே பரிந்துரைத்த நான்கினுள் உங்கள் சங்கம் அடுத்த மாதமே தொடங்கக்கூடியது எது? அதனை யார் பொறுப்பேற்பார்?